எங்கள் வார்டில் அதற்குப் பெயர் சேஃப்டி

முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு பயங்கள் உண்டு: ஒன்று, பெரியவர் எழுந்துவிடுவாரோ என்பது, இன்னொன்று, எழாமலேயே கிடந்துவிடுவாரோ என்பது. எழுந்தால் விழுவார், எலும்பு உடையும். கிடந்தால் முதுகில் புண் வரும். முதல் பயத்துக்கு மருந்தாகக் கையைக் கட்டிலோடு கட்டிவைத்தால் இரண்டாவது பயம் தானாக வந்து சேரும்.

நான் செல்வி. மும்பை செம்பூரில் இருபத்திரண்டு கட்டில்கள் உள்ள ஓர் இல்லத்தில் பகல் நேரத் தலைமை நர்ஸ். பிறந்தது வளர்ந்தது தாராவி. அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். தலைமை என்றதும் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கரப்பான்பூச்சிக்கே கட்டில்மேல் ஏறி நிற்கிற ஆள் நான். வீட்டில் நடமாட முடியாத ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு, அடுப்படியில் காய் நறுக்கும்போது ஒரு காதை அந்த அறையிலேயே விட்டுவைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

விழக்கூடாது

போன மழைக்காலத்தில் விஸ்வநாதன் சார் எங்களிடம் வந்தார். எழுபத்தெட்டு வயது. மாட்டுங்காவில் நாற்பது வருஷம் குடியிருந்தவர். மனைவி போனபின் வாஷியில் மகனோடு இருந்தார். ஞாபகம் வரும், போகும். வாஷி ஃப்ளாட்டில் இரண்டு தடவை விழுந்து, இரண்டாம் தடவை இடது கை எலும்பு விரிசல் விட்டிருந்தது. மகன் ரமேஷ் அவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தபோது, ஒரு கையால் வண்டியையும் இன்னொரு கையால் அப்பாவின் தோளையும் பிடித்திருந்தார். அவருக்கும் பயம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பயந்தவர்களுக்குப் பயந்தவர்களை அடையாளம் தெரியும்.

எங்களிடம் அதற்கு ஏற்பாடு இருந்தது. நாலு அங்குலக் கட்டுத்துணியை மடித்து, மணிக்கட்டில் பஞ்சு வைத்துச் சுற்றி, கட்டில் கம்பியில் முடிச்சுப் போடுவோம். கட்டுவது என்ற வார்த்தையை எங்கள் வார்டில் யாரும் சொல்லமாட்டோம். "சாருக்கு சேஃப்டி போட்டாச்சா?" என்றுதான் கேட்போம். சேர்க்கைப் படிவத்திலும் அந்தச் சொல்தான். ரமேஷிடம் அதைக் காட்டி விளக்கினேன். அவர் படிவத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"நடக்க வைங்கோ, பாட்டுப் போடுங்கோன்னு ஒண்ணும் கேக்கலே சிஸ்டர். அப்பா விழக்கூடாது. அவ்வளவுதான். விழவே கூடாது."

இரண்டு நிமிடம்

இவள் ஏன் இப்படிப் பயப்படுகிறாள் என்று கேட்பீர்கள். இதற்கு முன்னால் வேறோர் இடத்தில் வேலை பார்த்தேன். அங்கே வடாலாவிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார்கள். சாயங்காலம் நாலு மணி. ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிவரப் பக்கத்து அறைக்குப் போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. அந்த அம்மா தரையில், கால் ஒருபக்கமாகத் திரும்பிக்கிடக்க, என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார்கள். தொந்தரவு கொடுத்துவிட்டோம் என்ற சிரிப்பு அது.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் திரும்பி வரவில்லை. என்னை யாரும் திட்டவில்லை, எழுதி வாங்கவும் இல்லை. அன்று வந்த மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள், அதுவும் மெதுவாகத்தான் கேட்டாள். இன்றைக்கும் வெந்நீர் கொதிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

"நீங்க எங்க போயிருந்தீங்க?"

காகிதத்தில் உருண்டவர்

விஸ்வநாதன் சார் வந்து மூன்று வாரம் இருக்கும். காலையில் உடம்பு துடைக்கும்போது பேச்சியக்கா என்னைக் கூப்பிட்டாள். எங்கள் தெருக்காரி, ஆயா வேலையில் எனக்கு முன்னாலேயே சேர்ந்தவள். அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே கண்ணால் காட்டினாள். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினேன். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. என் விரல்தான் ஜில்லிட்டுப்போயிற்று.

உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். படுக்கைப் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டுத்தான் வெளியே முகம் காட்டும். வராமல் இருக்க ஒரே வழி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது. எங்களிடம் அதற்கு ஒரு சார்ட் உண்டு. கட்டில் காலடியில் தொங்கும். இடது, மல்லாக்க, வலது என்று கட்டம் கட்டமாக இருக்கும், புரட்டியதும் டிக் போடவேண்டும். அவசரமாக எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை. அப்போது மணி காலை பத்து. சாயங்காலம் நாலு மணிக் கட்டத்திலும் டிக் இருந்தது.

அதைப் போட்டது யார் என்று கத்த வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். அது என் பேனா. வேலைக்கு வந்ததும் இருபத்திரண்டு சார்ட்டையும் மொத்தமாக முடித்துவிடுவது என் வழக்கம். மதியம் நேரம் கிடைக்காதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். இரண்டு கையையும் கம்பியில் கட்டிவைத்த மனிதரை யாரும் புரட்டமுடியாது என்பது அந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. பேச்சியக்கா சார்ட்டை ஒரு பார்வை பார்த்தாள், அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"பேப்பர்ல மனுசன் நாளு பூரா உருண்டுக்கிட்டேதான் கெடக்காரு. கட்டில்லதான் அசைய மாட்டேங்காரு, பாத்துக்கோ."

எத்தனை மணிக்கு அவிழ்த்தீர்கள்?

இரண்டு வாரத்தில் அந்தச் சிவப்பு உடைந்து புண்ணாகிவிட்டது. காற்று மெத்தை போட்டோம், மருந்து வைத்தோம், டிரெஸ்ஸிங் மாற்றினோம். கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் எழுவார், எழுந்தால் விழுவார். புண் என்றால் கட்டுப்போட்டு மூடிவிடலாம்; இடுப்பு எலும்பை என்ன செய்வேன்?

அப்போதுதான் இல்லத்துக்குப் புதிதாக டாக்டர் மேடம் வந்தார். மராத்திக்காரர், எங்களிடம் இந்தியில் பேசுவார், குரலே உயராது. முதல் நாளே சொல்லிவிட்டார்: யாரையும் கட்டக்கூடாது, கட்டிலைத் தாழ்த்துங்கள், பக்கத்தில் தரையில் மெத்தை போடுங்கள், எழுந்திருக்க நினைக்கிறவர் எதற்காக எழுகிறார் என்று கண்டுபிடியுங்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேடம் தினமும் பதினொரு மணிக்கு வருவார். பத்தே முக்காலுக்கு அவிழ்த்துவிடுவேன். அவர் லிஃப்டில் இறங்கியதும் மறுபடி கட்டிவிடுவேன். ஒன்பது நாள் இப்படி ஓட்டினேன்.

பத்தாம் நாள் மேடம் விஸ்வநாதன் சாரின் நாடி பார்க்கக் கையைத் தூக்கினார். மணிக்கட்டில் துணியின் இழை அப்படியே குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருந்தது. மேடம் அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பேச்சியக்கா ஜன்னலைப் பார்த்தாள், நான் என் செருப்பைப் பார்த்தேன். வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். மேடம் கையை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்றைக்கு எத்தனை மணிக்கு அவிழ்த்தீர்கள், சிஸ்டர்?"

நீட்டிய கைகள்

அதற்குப் பிறகாவது திருந்தினேனா என்றால், அன்று மதியமே மறுபடி கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன். பேச்சியக்கா சாப்பிடப் போயிருந்தாள். வார்டில் நான் ஒருத்தி. இருபத்திரண்டு பேரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மற்ற பக்கம் யாரோ எழுந்திருப்பதுபோலவே இருந்தது. அரைமணி நேரம்தான், அக்கா வந்ததும் அவிழ்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விஸ்வநாதன் சார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து என் பக்கமாக நீட்டினார். வளையல்காரரிடம் கை நீட்டுவதுபோல, மணிக்கட்டு மேலே இருக்கும்படி, எனக்கு வசதியாக. அவருக்கு அன்று என் பெயர் தெரியாது, கிழமை தெரியாது. இது மட்டும் பழகியிருந்தது. கோபப்பட்டிருந்தால் கட்டியிருப்பேன். கையை இழுத்துக்கொண்டிருந்தால்கூடப் பிடித்துக் கட்டியிருப்பேன். அவர் என்னைச் சமாதானம் பண்ணுகிற குரலில் பேசினார்.

"கட்டிக்கோங்கோ, பரவாயில்லே. உங்களுக்குப் பயமா இருக்கோல்லியோ."

சுவர்ப் பக்கம்

துணியைத் தரையில் எறிந்துவிட்டு ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் உட்கார்ந்தவள், அக்கா வரும்வரை எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் கட்டவில்லை. கட்டிலைத் தாழ்த்தினோம், தரையில் மெத்தை போட்டோம், நிஜமாகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டினோம். டிக்கையும் புரட்டியபிறகுதான் போட்டேன். டிக்கைத் தவிர எழுதப் படிக்க எதுவும் தெரியாத பேச்சியக்கா சார்ட்டைச் சட்டைசெய்யவில்லை. பத்து மணிக்கு ஜன்னல் பக்கம், பன்னிரண்டுக்குச் சுவர்ப் பக்கம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. இருபத்திரண்டு பேரையும் அந்தக் கணக்கில் சுற்றிவந்தாள்.

விஸ்வநாதன் சாருக்குச் சுவர்ப் பக்கம் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாக வாட்ச்மேன் தெரிவான், ஆட்டோ தெரியும். சுவரில் என்ன இருக்கிறது? முகத்தைச் சுளித்துக்கொண்டு தானாகவே மல்லாந்து புண்ணின்மேல் படுத்துவிடுவார். அக்கா யோசித்து, முருகன் படம் போட்ட பழைய காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கண்ணுக்கு நேராக மாட்டினாள். அன்று சுவர்ப் பக்கம் திருப்பிய நேரமெல்லாம் அசையாமல் படுத்திருந்தார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"இது போன வருஷத்துக் காலண்டர். ஆஃபீஸ்லே இப்படியெல்லாம் வெச்சுக்கப்படாது, எடுத்துடச் சொல்லுங்கோ."

கதவுக்கு வெளியே

அவர் எதற்காக எழுகிறார் என்று கண்டுபிடித்தது பேச்சியக்காதான். எழுந்து உட்காரும் ஒவ்வொரு தடவையும் கால் தரையைத் துழாவுகிறது என்று கவனித்தாள். செருப்பைத் தேடுகிறார். செருப்பு எதற்கு? பாத்ரூம் போக. பெண்களிடம் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். டயப்பர் போட்டிருக்கிறோமே என்பது எங்கள் நினைப்பு. அதில் போவது அவருக்கு அவமானம். கட்டியிருந்த நாட்களில் அவர் உருவிக்கொள்ளப் பார்த்ததெல்லாம் இதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதிலிருந்து அவர் எழுவதற்கு முன்னால் நாங்களே நேரம் பார்த்து அழைத்துப்போனோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா. வாசலில் நின்றுகொண்டு எங்கள் இருவர் கையையும் எடுத்துவிட்டார். உள்ளே ஈரத் தரை, ஒரு கைப்பிடிக் கம்பி, எழுபத்தெட்டு வயது. நான் கதவுக்கு வெளியே காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே சத்தம் கேட்டால் பயம். சத்தம் கேட்காவிட்டால் அதைவிடப் பயம். இருபதுவரை எண்ணிவிட்டுக் கதவை ஒரு விரல் அளவு தள்ளினேன்.

"சாத்துங்கோ! அங்கேயே நில்லுங்கோ, ஓடிப் போயிட மாட்டேன்."

விழுந்தார்

புண் சுருங்கிக்கொண்டு வந்தது. ஓரம் இளஞ்சிவப்பாகி, ஆழம் குறைந்து, ஒரு பட்டாணி அளவுக்கு வந்திருந்தது. எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் விழுந்தார். நான் நாலடி தூரத்தில்தான் இருந்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட எழுந்தவர், மெத்தையைத் தாண்டிக் கால் வைத்து, பக்கத்துச் சின்ன அலமாரியில் நெற்றியை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீல் என்று கத்தியது அவர் இல்லை, நான். டாக்டர் மேடம் வந்து பார்த்தார். எக்ஸ்-ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எலும்புக்கு ஒன்றும் இல்லை. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம் மட்டும். ஆனால் வாஷிக்கு போன் பண்ணவேண்டியது நான். மூன்று தடவை நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

ரமேஷ் வந்தார். அப்பாவின் நெற்றியைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் கேட்டது ஒரே ஒரு விஷயம் சிஸ்டர். கட்டி வெச்சிருந்தா இது ஆயிருக்குமா? இனிமே அவிழ்க்கவே அவிழ்க்காதீங்கோ" என்றார். வேறு நாளாக இருந்தால் சரி சார் என்றிருப்பேன். எனக்கு அன்று நீட்டிய அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. "ஒரு நிமிஷம் இங்க வாங்க சார்" என்று திரையை இழுத்துவிட்டு, அவர் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து டிரெஸ்ஸிங்கைப் பிரித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முதுகைப் பார்த்த பிள்ளை எங்கள் இல்லத்தில் அதுவரை யாரும் இல்லை. புண் வந்திருக்கிறது, மருந்து போடுகிறோம் என்று போனில் சொல்லியிருந்தேன். எப்படி வந்தது என்று சொன்னதில்லை.

"இது பாதி ஆறினது சார். ரெண்டு மாசம் முன்னால என் கட்டைவிரல் உள்ள போகும். நான் கட்டி வெச்சதால வந்தது. புரட்டாமலே புரட்டினதா எழுதினதும் நான்தான்" என்றேன். போலீஸுக்குப் போவாரா, முதலாளியிடம் போவாரா, இங்கேயே கத்துவாரா என்று எல்லாம் ஒரே சமயத்தில் மனதில் ஓடின. ரமேஷ் அந்தப் புண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து அப்பாவின் மணிக்கட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். விஸ்வநாதன் சார் நல்ல தூக்கத்தில் இருந்தார். மகன் என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

"வீட்லே மொதல்ல கட்டினது நான்தான் சிஸ்டர். அம்மாவோட புடவையாலே. மெத்துனு இருக்கும், அப்பாவுக்கு வலிக்காதுன்னு நெனச்சேன்."

இப்போது எங்கள் இல்லத்தில் எந்தக் கட்டிலிலும் கட்டு இல்லை, யார் முதுகிலும் புதிதாகப் புண் இல்லை. விஸ்வநாதன் சார் பாத்ரூமுக்குள் போய்விட்டால் மட்டும், கதவுக்கு வெளியே ஒரு பக்கம் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபக்கம் அவர் மகனும், யாரோ கட்டிவைத்தாற்போல அசையாமல் நிற்கிறோம்.